சோர்ஸிலிருந்து கம்பைல் செய்கிறீர்களா? ஆப்டிமைசேஷன் ஃப்ளாக் சேர்க்கும் முன் இதைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு படச் செயலாக்க லைப்ரரியைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தேன். டிஸ்ட்ரோ தரும் பேக்கேஜ் பழையது, எனக்குப் புதுப் பதிப்பில் வந்த ஒரு வசதி தேவைப்பட்டது, கூடவே என் மெஷினிலேயே கம்பைல் செய்தால் கொஞ்சம் வேகமாகவும் ஓடும் என்று ஒரு நம்பிக்கை. ஓட்டிப் பார்த்தால் பேக்கேஜில் வந்த பழைய பதிப்பைவிடப் பல மடங்கு மெதுவாக ஊர்ந்தது. புதுப் பதிப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று தேடித் தேடி ஒரு முழு நாள் போன பிறகுதான் கம்பைல் ஆகும் கட்டளையை எடுத்துப் பார்த்தேன். அதில் ஆப்டிமைசேஷன் ஃப்ளாக்கே, அதாவது கோடை வேகமாக ஓடும்படி மாற்று என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பே, இல்லை.

சிமேக் என்ற பில்ட் கருவியில் பில்ட் டைப் (எந்த வகையில் கட்டுவது என்பது) எதுவும் சொல்லாமல் விட்டால் நடப்பது இதுதான். புராஜெக்ட் எழுதியவர்களே ஓர் இயல்பு மதிப்பு வைத்திருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் எந்த ஓ ஃப்ளாக்கும் போகாது. ஓ ஃப்ளாக் இல்லாவிட்டால், கம்பைலர்களில் ஜிசிசியும் சரி, கிளாங்கும் சரி, ஓ0 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது ஆப்டிமைசேஷனே கிடையாது. எந்த ஃப்ளாக் சேர்த்தால் வேகம் கூடும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, இப்போது எந்த ஃப்ளாக் போகிறது என்று பார்த்தீர்களா என்பதைத்தான். பெரிய லாபம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

ஃப்ளாக் பெயர்களை இங்கே வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஓ2, ஓ3 என்பதில் வருவது பெரிய எழுத்து ஓ, சுழியம் இல்லை.

இப்போது என்ன போகிறது?

ஆட்டோமேக் பயன்படுத்தும் புராஜெக்ட் என்றால் "மேக் வி=1", சிமேக் உருவாக்கிய மேக்ஃபைல் என்றால் "மேக் வெர்போஸ்=1", நிஞ்ஜா என்றால் "நிஞ்ஜா -வி". முழுக் கட்டளையும் திரையில் ஓடும். ஏதாவது ஒரு சோர்ஸ் கோப்புக்கான வரியைப் பிடித்து நிதானமாகப் படியுங்கள். ஒரே வரியில் ஓ2-உம் ஓ3-உம் இரண்டுமே இருக்கலாம், அப்படி இருந்தால் கடைசியாக வருவதுதான் செல்லும். நடுவில் நீங்கள் போட்ட ஃப்ளாக்கைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள், வரியின் கடைசி வரை போங்கள்.

கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப் பரவாயில்லை ரகம். ஜிசிசி இருந்தால் அது தானாகவே "-ஜி -ஓ2" போட்டுவிடும் (ஜி என்றால் டீபக் தகவலைச் சேர்ப்பது). ஆனால் இதில் ஒரு பொறி உண்டு, அனுபவமுள்ளவர்களே இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். சி கோப்புகளுக்கான ஃப்ளாக்குகளை வைக்கும் சிஃப்ளாக்ஸ் மாறியில் நீங்கள் எதையாவது வைத்தால் அந்த இயல்பு மதிப்பு அப்படியே காணாமல் போய்விடும். "சிஃப்ளாக்ஸ்=-மார்ச்=நேட்டிவ்" என்று மட்டும் கொடுத்து கான்ஃபிகர் ஓட்டினால், என் ப்ராசஸருக்கென்றே கட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே ஓ2 போய் ஓ0 வந்திருக்கும். எப்போதும் முழுதாக எழுதுங்கள்: "-ஓ2 -ஜி -மார்ச்=நேட்டிவ்". அப்புறம், சி++ கோப்புகளுக்கு சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ் என்று தனி மாறி இருக்கிறது. சிஃப்ளாக்ஸில் போட்டது அங்கே தானாகப் போகாது.

சிமேக்கில் "-டிசிமேக்_பில்ட்_டைப்=ரிலீஸ்" என்றால் ஜிசிசிக்கும் கிளாங்குக்கும் ஓ3, ரெல்வித்டெப்இன்ஃபோ என்றால் ஓ2-உம் டீபக் தகவலும், மின்சைஸ்ரெல் என்றால் ஓஎஸ். மூன்றிலும் என்டீபக் மேக்ரோவும் சேர்ந்தே வரும், அதாவது கோடுக்குள் வைத்த அசெர்ட் சோதனைகள் எல்லாம் அணைந்துவிடும். சூழல் மாறியாக நீங்கள் வைக்கும் சிஃப்ளாக்ஸை சிமேக் முதல் தடவை கான்ஃபிகர் ஆகும்போது மட்டும்தான் படித்து கேஷில் போட்டுக்கொள்கிறது. பிறகு எத்தனை முறை மாற்றினாலும் அது திரும்பிப் பார்க்காது, பில்ட் டைரக்டரியை அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பில்ட் டைப்பின் ஃப்ளாக் உங்களுடையதற்குப் பின்னால்தான் ஒட்டப்படும், அதனால் நீங்கள் ஓ2 வைத்துவிட்டு ரிலீஸ் என்று சொன்னால் ஓ3 ஜெயிக்கும்.

மீசான் என்ற பில்ட் கருவியில் ஒன்றும் சொல்லாவிட்டால், புராஜெக்ட் வேறு மாதிரி சொல்லாதவரை, டீபக் பில்ட். ஓ0. "--பில்ட்டைப்=ரிலீஸ்" அல்லது "டீபக்ஆப்டிமைஸ்டு" கொடுங்கள், முதலாவது ஓ3, இரண்டாவது ஓ2.

கையால் எழுதிய மேக்ஃபைல்தான் தலைவலி. "மேக் சிஃப்ளாக்ஸ்=..." என்று கட்டளையிலேயே கொடுத்தால், மேக்ஃபைலுக்குள் அந்த மாறிக்கு வைத்த மதிப்பு மட்டுமல்ல, பின்னால் கூட்டிச் சேர்த்ததும் சேர்ந்தே போய்விடும். அதில்தான் ஹெட்டர் பாதைகளும், மேக்ரோக்களும், ஷேர்டு லைப்ரரிக்குத் தேவையான எஃப்பிக் ஃப்ளாக்கும் இருந்திருக்கும். இங்கே குறுக்குவழி இல்லை, மேக்ஃபைலைத் திறந்து படித்துவிட்டு எந்த இடத்தில் மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள்.

ஓ2-இல் நின்றுகொண்டு யோசியுங்கள்

என் கருத்து இதில் உறுதியானது: தொடங்கும் இடம் ஓ2. பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் இதில்தான் பேக்கேஜ் தயாரிக்கின்றன, லினக்ஸ் கெர்னலும் இயல்பாக இதில்தான் கம்பைல் ஆகிறது, ஆகவே உலகத்திலேயே அதிகம் சோதிக்கப்பட்ட பாதை இதுதான்.

ஓ3 இன்னும் அதிகமாக ஃபங்ஷன்களை இன்லைன் செய்யும் (அழைக்கும் இடத்திலேயே அதன் கோடை ஒட்டும்), லூப்களைப் பிரித்துப் போடும், வெக்டரைசேஷனில், அதாவது ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் பல எண்களைக் கணக்கிடுவதில், தாராளம் காட்டும். கணக்கு நிறைந்த லூப் உள்ள புரோகிராமில் இது நன்றாகவே உதவும். ஆனால் கோட் பெருக்கிறது, பெருத்த கோட் ப்ராசஸரின் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷுக்குள் அடங்காமல் போனால் ஓ2-வைவிட மெதுவாகவும் ஆகலாம். இன்னொன்று, பழைய கட்டுரைகளில் "ஓ3 போட்டால்தான் வெக்டரைசேஷன்" என்று படித்திருப்பீர்கள். கிளாங் ஓ2-இலேயே அதைச் செய்கிறது, ஜிசிசியும் 2022-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஓ2-இல் சிக்கனமான அளவில் செய்கிறது. முன்பு இருந்த அளவு இடைவெளி இப்போது இல்லை.

ஓஎஸ் அளவைக் குறைக்க, ஓஇசட் இன்னும் கறாராகக் குறைக்க, ஓஜி டீபக் செய்ய. ஓஃபாஸ்ட் மட்டும் வேறு விஷயம், அது ஓ3-உடன் ஃபாஸ்ட்-மேத்தையும் உள்ளே இழுத்து வருகிறது. அதன் ஆபத்து பெயரில் தெரியாமல் போவதால்தானோ என்னவோ, கிளாங் 19-ஆம் பதிப்பில் அதைக் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஃபாஸ்ட்-மேத்துக்குக் கீழே வருகிறேன்.

மார்ச்=நேட்டிவ்: கட்டிய இடத்தில் ஓட்டுங்கள்

இயல்பாக, 64 பிட் எக்ஸ்86 கம்பைலர் 2003-இல் வந்த முதல் தலைமுறை ப்ராசஸரிலும் ஓடக்கூடிய கோடைத்தான் தரும். அதற்குப் பின் வந்த ஏவிஎக்ஸ்2 (பல எண்களை ஒரேயடியாகக் கணக்கிடுவது), எஃப்எம்ஏ (பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துச் செய்வது) போன்ற இன்ஸ்ட்ரக்ஷன்கள் உங்கள் சிப்பில் இருந்தும் சும்மா கிடக்கும். "-மார்ச்=நேட்டிவ்" என்றால், கம்பைலர் தான் ஓடும் மெஷினைப் பார்த்து, இருப்பதையெல்லாம் பயன்படுத்திக்கொள்ளும்.

தான் ஓடும் மெஷின் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை லேப்டாப்பில் இப்படிக் கட்டிய பைனரியைப் பழைய சர்வர் ஒன்றுக்கு நகலெடுத்தேன். தொடங்கியது, கான்ஃபிகரேஷனைப் படித்தது, லாக் எழுதியது, எல்லாம் சரி என்று கிளம்பிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து ஒரு பெரிய கோப்பு வந்தபோது "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று ஒற்றை வரியைக் காட்டிவிட்டுச் செத்துப்போனது. ஏவிஎக்ஸ்2 இருந்தது அந்த ஒரு ஃபங்ஷனில் மட்டும், அந்த ஃபங்ஷன் கூப்பிடப்படும் வரை ஒரு அறிகுறியும் இல்லை. ஆகவே, தொடங்கி ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கன்டெய்னர் இமேஜைத் தானியங்கி பில்ட் மெஷினில் கட்டுபவர்களுக்கும் இதே நிலைதான், நேட்டிவ் என்பது அந்த பில்ட் மெஷினைக் குறிக்கும், நீங்கள் ஓட்டப்போகும் மெஷினை அல்ல.

பல மெஷின்களில் ஓட வேண்டும் என்றால் பொது நிலைகள் இருக்கின்றன: எக்ஸ்86-64-வி2, வி3, வி4. ஜிசிசி 11, கிளாங் 12 முதல் இவற்றை மார்ச்சுக்கு மதிப்பாகக் கொடுக்கலாம். வி2 என்றால் எஸ்எஸ்இ4.2 வரை, வி3-இல் ஏவிஎக்ஸ்2-உம் எஃப்எம்ஏ-வும் வந்துவிடும், வி4 ஏவிஎக்ஸ்-512. ரெட் ஹாட் எண்டர்ப்ரைஸ் லினக்ஸ் 9 வி2-வையும், 10 வி3-யையும் அடிப்படையாக வைத்திருக்கிறது, ஆகவே வி3 ஒன்றும் விபரீதமான தேர்வு இல்லை. ஆனால் மெஷின் புதிது என்பதாலேயே வி3 இருக்கும் என்று நம்பாதீர்கள், 2013-க்குப் பின் வந்த பென்டியம், செலரான் சிப்கள் பலவற்றில் ஏவிஎக்ஸே கிடையாது. சந்தேகம் இருந்தால் "ஜிசிசி -மார்ச்=நேட்டிவ் -கியூ --ஹெல்ப்=டார்கெட்" என்று கேளுங்கள், எதையெல்லாம் ஆன் செய்கிறது என்று பட்டியல் தரும். ஆர்ம் சிப்பில் மார்ச்சுக்குப் பதில் "-எம்சிபியு=நேட்டிவ்" போடுவதுதான் வழக்கம்.

எம்ட்யூன் என்று இன்னொன்று இருக்கிறது. அது இன்ஸ்ட்ரக்ஷன்களின் வரிசையையும் தேர்வையும் மட்டும் ஒரு சிப்புக்கு ஏற்றபடி அமைக்கும், புது இன்ஸ்ட்ரக்ஷன் எதையும் சேர்க்காது. பழைய மெஷினிலும் ஓடும்.

நேட்டிவ் போட்டதும் மிதவைப்புள்ளிக் கணக்கின் விடை கடைசி இலக்கங்களில் மாறினால் பயப்படாதீர்கள், ஆனால் காரணம் தெரிந்திருக்கட்டும். எஃப்எம்ஏ இருக்கும் சிப்பில் ஒரு பெருக்கலையும் கூட்டலையும் ஜிசிசி ஒரே இன்ஸ்ட்ரக்ஷனாக இணைத்துவிடும், நடுவில் ஒருமுறை முழுமையாக்கல் குறைந்துவிடும். விடை பிட் பிசகாமல் பழையபடியே வேண்டும் என்றால் "-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்" சேர்க்கவும்.

மேட்ரிக்ஸ் கணக்குக்கான ஐகென் போன்ற ஹெட்டர் லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னும் ஒரு எச்சரிக்கை. ஏவிஎக்ஸ் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஐகென் தன் மேட்ரிக்ஸ் வகைகளின் நினைவக அலைன்மென்ட்டையே மாற்றிக்கொள்கிறது. ஒரு லைப்ரரியை நேட்டிவ் போட்டும், அதை இணைக்கும் புரோகிராமை அது இல்லாமலும் கட்டினால், இரண்டும் ஒரே பொருளை இரண்டு விதமாகப் பார்க்கும். ஆப்ஜெக்ட்டை விடுவிக்கும்போது சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் கிராஷ் ஆகும். அப்படிப்பட்ட சங்கிலியில் எல்லாவற்றுக்கும் ஒரே ஃப்ளாக், இல்லாவிட்டால் எதற்கும் வேண்டாம்.

எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264, ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி புராஜெக்ட்களில் சூடான பகுதிகளை அசெம்ப்ளியில் கையாலேயே எழுதி, ஓடும் நேரத்தில் சிப்பைப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே நேட்டிவ் போட்டுக் கிடைப்பது சொற்பம்.

ஃபாஸ்ட்-மேத்: அந்தக் கோடின் கணக்கு தெரியாமல் வேண்டாம்

இந்த ஃப்ளாக்கைப் போட்டால் நீங்கள் கம்பைலருக்குச் சில வாக்குறுதிகள் கொடுக்கிறீர்கள். என் கணக்கில் "எண் அல்ல" என்று பொருள்படும் நான் (NaN) மதிப்பு வராது, முடிவிலி வராது, கூட்டல் வரிசையை நீ இஷ்டப்படி மாற்றலாம், நெகட்டிவ் சுழியமும் பாசிட்டிவ் சுழியமும் எனக்கு ஒன்றுதான். வாக்குறுதி பொய்யானால் பழி கம்பைலர் மேல் இல்லை. மதிப்பு அந்த "எண் அல்ல" தானா என்று பார்க்க இஸ்நான் என்று கோடில் எழுதியிருக்கும் சோதனை "எப்போதும் பொய்" என்று மாறி, கெட்ட தரவைத் தடுக்க வைத்த காவலே இல்லாமல் போகும்.

ககான் கூட்டல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், லட்சக்கணக்கான எண்களைக் கூட்டும்போது உதிரும் துணுக்குகளைச் சேமித்து வைத்துத் திரும்பச் சேர்ப்பது. அதன் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது: துணுக்கு = (புதுக்கூட்டு − பழையகூட்டு) − சேர்த்தது. பள்ளிக்கூட இயற்கணிதப்படி இது எப்போதும் சுழியம், ஏனென்றால் புதுக்கூட்டு என்பதே பழையகூட்டும் சேர்த்ததும்தானே. மிதவைப்புள்ளியில் மட்டும்தான் இது சுழியம் ஆகாது, அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய துணுக்கு. ஃபாஸ்ட்-மேத் போட்ட கம்பைலர் பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டு அதைச் சுழியமாக்கி, வரியையே தூக்கிவிடலாம். ஒரு எச்சரிக்கையும் வராது, சோதனைகளும் பாஸ் ஆகலாம், துல்லியம் மட்டும் காணாமல் போயிருக்கும். எழுதியவர் எவ்வளவு யோசித்து வைத்த வரி அது!

இன்னொன்று தெரியுமா, 2023-இல் வந்த 13-ஆம் பதிப்புக்கு முந்தைய ஜிசிசியில், இந்த ஃப்ளாக்குடன் ஒரு ஷேர்டு லைப்ரரியை லிங்க் செய்தாலே, மிகச் சிறிய எண்களைச் சுழியமாக்கும் ப்ராசஸர் அமைப்பை ஆன் செய்யும் தொடக்கக் கோடும் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த லைப்ரரியை லோடு செய்த புரோகிராமின் கணக்கெல்லாம் பாதிக்கும், அந்தப் புரோகிராம் ஃபாஸ்ட்-மேத் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

இதன் பலனில் ஒரு பகுதியைப் பெரிய ஆபத்து இல்லாமல் எடுக்கலாம். "-எஃப்நோ-மேத்-எர்ர்நோ" போட்டால் வர்க்கமூலம் போன்றவை லைப்ரரி அழைப்புக்குப் போகாமல் நேரடி இன்ஸ்ட்ரக்ஷனாகவே மாறும். எர்ர்நோ என்ற பிழை எண் மாறியைப் பார்த்துக் கணிதப் பிழையைக் கண்டுபிடிக்கும் கோட் அரிது, சோர்ஸில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்டிஓ, பிஜிஓ

எல்டிஓ என்றால் லிங்க் செய்யும் நேரத்தில் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக வைத்து ஆப்டிமைஸ் செய்வது. ஃபெடோரா 33 முதல் பேக்கேஜ்களை இயல்பாக இப்படித்தான் கட்டுகிறார்கள், ஆகவே நம்பிப் போடலாம். ஜிசிசியில் "-எஃப்எல்டிஓ=ஆட்டோ", கிளாங்கில் "-எஃப்எல்டிஓ=தின்". கம்பைலுக்கும் லிங்குக்கும் இரண்டிலும் ஒரே ஃப்ளாக் வேண்டும், அதாவது லிங்குக்கான எல்டிஃப்ளாக்ஸ் மாறியிலும் சேர்த்துவிடுங்கள். ஸ்டாட்டிக் லைப்ரரி கட்டும்போது சிம்பல் கிடைக்கவில்லை என்று லிங்கர் அழுதால், ஏஆர், ரேன்லிப் என்ற கருவிகளின் இடத்தில் ஜிசிசி-ஏஆர், ஜிசிசி-ரேன்லிப் வையுங்கள். பெரிய புராஜெக்ட்டில் லிங்க் செய்யும்போது ராம் நிறையக் கேட்கும்.

பிஜிஓ-வுக்குத்தான், அதாவது புரோகிராமை ஓட்டிப் பார்த்து அதன்படி ஆப்டிமைஸ் செய்வதற்குத்தான், என் ஓட்டு, யாரும் சீண்டாமல் விடுவது இதைத்தான் என்பது வருத்தம். முதலில் "-எஃப்ப்ரொஃபைல்-ஜெனரேட்" போட்டுக் கட்டி, நீங்கள் நிஜமாகச் செய்யும் வேலையை அதில் ஓட்டி, பிறகு "-எஃப்ப்ரொஃபைல்-யூஸ்" போட்டு மறுபடி கட்ட வேண்டும். எந்தக் கிளை அடிக்கடி ஓடுகிறது, எது அபூர்வம் என்று கம்பைலருக்கு ஊகம் இல்லாமல் தெரிந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் இப்படித்தான் கட்டி வெளியாகின்றன. பைத்தானைச் சோர்ஸிலிருந்து கட்டுபவர்களுக்கு இது ஒரே சொல்தான்: கான்ஃபிகருக்கு "--எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ்" கொடுங்கள், பயிற்சி ஓட்டத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கம்பைல் நேரம் நீளும். அந்த நேரத்துக்கு ஈடாகக் கிடைப்பது, ஃப்ளாக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கிடைப்பதைவிட அதிகம்.

புராஜெக்ட் வைத்த ஃப்ளாக்கை எடுத்துவிடாதீர்கள்

மேக்ஃபைலில் "-எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாசிங்" என்று பார்த்தால், வேகத்தைக் குறைக்கும் என்று எங்கோ படித்தோமே என்று நீக்கத் தோன்றும். ஒரே நினைவகத்தை வேறு வேறு வகைப் பாயின்டர்களால் தொடமாட்டார்கள் என்று கம்பைலர் ஊகிப்பதை அது தடுக்கிறது, அந்தக் கோடுக்குத் தேவை என்பதால் வைத்தது. லினக்ஸ் கெர்னலிலும் அது இருக்கிறது. கெர்னலில் 2009-இல் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்: டன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில் ஒரு பாயின்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்து அது நல் தானா என்று சோதித்திருந்தார்கள். பயன்படுத்தியாகிவிட்டது என்றால் நல் ஆக இருக்க முடியாது என்று ஜிசிசி அந்தச் சோதனையையே நீக்கிவிட, அது பாதுகாப்பு ஓட்டையாகிவிட்டது. அதன் பிறகு "-எஃப்நோ-டிலீட்-நல்-பாயின்டர்-செக்ஸ்" கெர்னலின் ஃப்ளாக்குகளில் சேர்ந்தது.

ஓ3 போட்டதும் ஒரு புரோகிராம் உடைந்தால் கம்பைலரைத் திட்டும் முன், ஓ1-உடன், நினைவகத் தப்புகளையும் மொழி விதிமீறல்களையும் ஓடும்போதே காட்டிக்கொடுக்கும் "-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்டு" போட்டு ஒருமுறை கட்டி ஓட்டுங்கள். பெரும்பாலும் கோடில் ஏற்கெனவே இருந்த தப்புதான் வெளியே வந்திருக்கும்.

பாதுகாப்பு ஃப்ளாக்குகளையும் மறக்க வேண்டாம். நினைவகம் வரம்பு மீறி எழுதப்படுவதைப் பிடிக்க உதவும் ஸ்டாக்-ப்ரொடெக்டர்-ஸ்ட்ராங், ஃபார்ட்டிஃபை சோர்ஸ் இரண்டையும் டிஸ்ட்ரோக்கள் தங்கள் பேக்கேஜ்களுக்குப் போடுகின்றன, நீங்களே கட்டும்போது அவை தானாக வரும் என்று சொல்ல முடியாது. இணையத்திலிருந்து தரவு வாங்கும் எதற்கும் நான் இரண்டையும் சேர்த்துவிடுவேன். ஃபார்ட்டிஃபை சோர்ஸுக்கு ஆப்டிமைசேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும், ஓ0-இல் அது வேலை செய்யாது.

அளந்து பாருங்கள்

இரண்டு தனித்தனி பில்ட் டைரக்டரி வையுங்கள், ஒன்றில் வெறும் "-ஓ2 -ஜி", இன்னொன்றில் நீங்கள் சோதிக்கும் ஃப்ளாக். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். முதலில் புராஜெக்ட்டின் சோதனைகளான "மேக் செக்" ஓடி பாஸ் ஆகட்டும். பிறகு உங்கள் நிஜ வேலையை, ஓடும் நேரத்தை அளக்கும் ஹைப்பர்ஃபைன் கருவியில் இரண்டுக்கும் பத்துப் பதினைந்து முறை ஓட்டுங்கள், ஒரு ஓட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, லேப்டாப் சூடேறினாலே எண்கள் ஆடும். வித்தியாசம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால் ஃப்ளாக்கை எடுத்துவிடுங்கள். அதற்கும் முன்னால் "பெர்ஃப் ரெக்கார்ட்" ஓட்டி நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பது இன்னும் நல்லது. டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கும் புரோகிராமை எந்த ஃப்ளாக்கும் வேகப்படுத்தாது.

என் மெஷினில் மட்டும் ஓடும் என்றால் நான் போடுவது "-ஓ2 -ஜி -மார்ச்=நேட்டிவ்", கணக்கு அதிகமான லைப்ரரி என்றால் ஓ3-ஐ அளந்து பார்த்துவிட்டு. ஜி ஃப்ளாக் வேகத்தைக் குறைக்காது, கோப்பின் அளவு மட்டும் கூடும், அந்த அளவு தொந்தரவாக இருந்தால் ஸ்ட்ரிப் செய்துகொள்ளலாம்.

ஜிசிசியில் "-எஃப்ரெக்கார்ட்-ஜிசிசி-ஸ்விட்சஸ்" என்றும் ஒன்று சேர்த்து வைப்பேன், எந்த ஃப்ளாக்கில் கட்டியது என்பது பைனரிக்குள்ளேயே பதிவாகிவிடும், ஆறு மாதம் கழித்து "ரீட்எல்ஃப்" வைத்துப் படித்துக்கொள்ளலாம். பிழை அறிக்கை எழுதும் நாளில் இது கைகொடுக்கும். ஆனால் அறிக்கையை அனுப்பும் முன் வெறும் "-ஓ2 -ஜி" போட்டு ஒருமுறை கட்டி, அதே பிழை வருகிறதா என்று பார்த்துவிட்டு அதையும் எழுதுங்கள். பராமரிப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.